'காதலி' என்னும் அடைமொழி: மினெட் டி சில்வாவும் பெங்களூரும்

மினெட் டி சில்வா என்னும் பெயர் இன்று பெரும்பாலான வாசகர்களை இன்னொரு பெயரின் துணையோடுதான் வந்தடைகிறது. இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் என்ற குறிப்பு முதல் வரியில் இருக்கும். அடுத்த வரியிலேயே லெ கார்பூசியே வந்துவிடுவார். சண்டிகர் நகரை வடிவமைத்த அந்தப் புகழ்பெற்ற கலைஞருக்கும் கண்டியைச் சேர்ந்த இந்தப் பெண்ணுக்கும் இடையே பல்லாண்டுகள் நீடித்த அன்பும் கடிதப் போக்குவரத்தும் உண்மையானவை. சிரோமி பின்டோ 2019இல் வெளியிட்ட 'பிளாஸ்டிக் இமோஷன்ஸ்' நாவல் அந்த உறவையே கதையாக்கியது. அது நாவலுக்குரிய உரிமை. ஆனால் வரலாற்றுக் குறிப்புகளும் அதே கதையமைப்பைப் பின்பற்றும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கதை 1947ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் அவர் யாரிடம் கற்றார், எந்த ஊரில் உழைத்தார், எந்தக் கேள்விகளோடு அங்கே போய்ச் சேர்ந்தார் என்பவையெல்லாம் முன்னுரைக்குள் சுருங்கிவிடுகின்றன. அப்படிச் சுருங்கிப்போன இடங்களுள் முதன்மையானது பெங்களூர்.

மினெட் 1918 பிப்ரவரி 1 அன்று கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர், வழக்கறிஞர், இலங்கை தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர். தாய் ஆக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்தவர். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றவர். 1931இல் இலங்கையில் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது அதில் ஆக்னஸுக்கும் பங்கு இருந்தது. இனமும் மதமும் கடந்த திருமணம், அரசியல் பேசும் இல்லம், வாக்குக் கேட்டுப் போராடிய தாய் என்ற சூழலில் வளர்ந்த மகள், கட்டடக்கலை படிக்க விரும்பியதில் வியப்பில்லை. எனினும் அந்த விருப்பத்தைத் தந்தை எளிதில் ஏற்கவில்லை.

அக்காலத்தில் இலங்கையில் கட்டடக்கலைக் கல்லூரி இல்லை. எனவே மினெட் பம்பாய்க்கு வந்தார். மிஸ்திரி அண்ட் பேட்வார் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார், ஜே.ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் நாட்டைக் குலுக்கியது. காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்ட மினெட்டிடம் கல்லூரி மன்னிப்புக் கடிதம் கேட்டது. அவர் எழுத மறுத்தார், வெளியேற்றப்பட்டார். பட்டம் பாதியில் நின்றது. அந்த நிலையில் அவரை ஏற்றுக்கொண்ட அலுவலகம் பெங்களூரில் இருந்தது. அதை நடத்தியவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர்.

கோனிக்ஸ்பெர்கரும் வெளியேற்றப்பட்டவரே. 1908இல் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டு அரசுப் பணியை இழந்தார். எகிப்தில் சில ஆண்டுகள் தொல்லியல் ஆய்வில் ஈடுபட்டார். 1939இல் திவான் மிர்சா இஸ்மாயிலின் ஆட்சிக் காலத்தில் மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகப் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவருடைய உறவினரான இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் சில ஆண்டுகளுக்கு முன் சி.வி. ராமனின் அழைப்பில் இதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கியிருந்தவர். பசவனகுடி கிருஷ்ணராவ் பூங்காவிலுள்ள மண்டபமும், ஊரார் இன்றும் டாட்டா இன்ஸ்டிடியூட் என்றே அழைக்கும் அந்த அறிவியல் கழக வளாகத்தின் வானூர்திப் பொறியியல் துறைக் கட்டடமும் கோனிக்ஸ்பெர்கரின் கைவண்ணங்கள்.

அவருடைய பெங்களூர்க் கட்டடங்களில் ஐரோப்பிய நவீனத்தின் எளிய கோடுகள் உண்டு. ஆனால் அவை இங்குள்ள வெயிலையும் மழையையும் கணக்கில் கொண்டவை. நீண்டு வெளிவரும் கூரை விளிம்புகள், நிழல் தரும் நடைவழிகள், எதிரெதிர்த் திறப்புகளின் வழியே ஊடுருவும் காற்று ஆகியவை அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டவை அல்ல. அவையே திட்டத்தின் முதல் விதிகள். வெப்பமண்டலத்துக்கென ஒரு கட்டட அறிவியல் வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இங்கேதான் முதிர்ந்தது. பின்னாளில் லண்டன் ஆர்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியின் வெப்பமண்டலக் கட்டடக்கலைத் துறைக்குத் தலைமையேற்று, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மாணவர் பலருக்கு அவர் கற்பித்த பாடத்தின் அடித்தளம் மைசூர்ச் சமஸ்தானத்தில் இடப்பட்டது.

மினெட் அந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது அங்கே நடந்துகொண்டிருந்த பெரும் பணிகளுள் ஒன்று, டாட்டா நிறுவனத்துக்கான ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டம். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் எங்கே வாழ்வார்கள், எவ்வளவு செலவில் எத்தனை வீடுகளை எவ்வளவு விரைவில் எழுப்ப முடியும் என்பவை அதன் கேள்விகள். ஆலையிலேயே பகுதி பகுதியாகச் செய்து மனையில் கொண்டுவந்து பொருத்தும் வீடுகள் குறித்த பணியில் மினெட் ஈடுபட்டார். பம்பாயில் அவர் கண்டவை பெரும்பாலும் செல்வந்தர்களின் மாளிகைகளும் வணிகக் கட்டடங்களும். பெங்களூரில்தான் 'வீடு' என்பது ஒரு சமூகக் கேள்வியாக அவர் மேசைக்கு வந்தது. ஒரு வீட்டை அழகாகக் கட்டுவது ஒன்று. ஆயிரம் குடும்பங்களுக்கு வாழத்தக்க வீட்டை எண்ணிப்பார்ப்பது வேறொன்று. இந்த இரண்டாவது பயிற்சியை அவர் வாழ்நாள் முழுதும் விடவில்லை.

அன்றைய பெங்களூரின் அறிவுச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மினெட்டின் அக்கா அனில் டி சில்வா 1941இல் பெங்களூரில் மக்கள் நாடகக் குழுவொன்றைத் தொடங்கினார். 1943இல் அனைத்திந்திய அமைப்பாக உருவெடுத்த 'இப்டா' எனப்படும் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் முன்னோடி அதுவே; அதன் முதல் பொதுச் செயலாளரும் அனில்தான். அந்தப் பெயரைப் பரிந்துரைத்தவர் அப்போது அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஹோமி பாபா. நாடகமும் அணுவியலும் கட்டடக்கலையும் ஒரே சிறிய வட்டத்தில் உரையாடிய காலம் அது.

அந்த வட்டத்தின் இன்னொரு விளைச்சல் 'மார்க்'. நவீனக் கட்டடக்கலை ஆய்வுக் குழு என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிடைக்கும் அச்சொல், இந்திய மொழிகளில் 'வழி' என்று பொருள்படுவதும் பொருத்தமே. முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு 1946இல் பம்பாயிலிருந்து முதல் இதழ் வெளிவந்தது. அனிலும் மினெட்டும் கோனிக்ஸ்பெர்கரும் அதன் தொடக்கக் குழுவில் இருந்தனர். விடுதலை பெறப்போகும் நாடு எத்தகைய நகரங்களில் வாழ வேண்டும் என்பது அக்குழுவின் கேள்வி. பழமையை அப்படியே நகலெடுப்பதையும் மேற்கை அப்படியே இறக்குமதி செய்வதையும் அது ஒருசேர மறுத்தது.

இதற்குப் பிறகுதான் இங்கிலாந்து வருகிறது. மினெட் லண்டன் சென்று ஆர்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் தம் படிப்பை நிறைவு செய்தார். 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்தில் இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசியப் பெண் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு, 1947 செப்டம்பரில், உலக நவீனக் கட்டடக் கலைஞர்களின் ஆறாவது மாநாடு பிரிட்ஜ்வாட்டர் என்ற சிற்றூரில் கூடியது. இந்தியா விடுதலை பெற்று ஒரு மாதம்கூட நிறைவடையவில்லை. இலங்கை இன்னும் விடுதலை பெறவில்லை. அந்த மாநாட்டுக்கு மினெட் 'மார்க்' குழுவின் பேராளராகச் சென்றார். லெ கார்பூசியே அவரைச் சந்தித்தது அங்கேதான்.

அப்போது அவருக்கு வயது 59; மினெட்டுக்கு 29. ஒருவர் உலகப் புகழின் உச்சியில் இருந்தவர். மற்றவர் இன்னும் ஒரு கட்டடமும் கட்டாதவர். மாநாட்டின் குழுப் படத்தில் சேலை உடுத்திய மினெட்டைக் கண்டுபிடிப்பது எளிது. அந்தப் படத்தை வைத்தே பலர் ஒரு கதையை வாசித்துவிடுகிறார்கள்: மூத்த ஆசான், அவரால் ஈர்க்கப்பட்ட இளம் மாணவி. ஆனால் அவர் மாணவியாக அங்கே செல்லவில்லை. ஜாம்ஷெட்பூர்த் திட்டத்தில் பணியாற்றியவராக, ஓர் இதழின் தொடக்கக் குழுவைச் சேர்ந்தவராக, ஆசியாவிலிருந்து ஒரு வாதத்தைச் சுமந்து சென்ற பேராளராக அவர் அங்கே நின்றார். லெ கார்பூசியே முதன்முறையாக இந்தியா வர இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சந்திப்புகள் சிலவே, கடிதங்கள் பல. லெ கார்பூசியேவுக்கு மனைவி இவோன் இருந்தார். மினெட் 1949இல் கண்டிக்குத் திரும்பினார். இடையில் கடல் இருந்தது. அவர் எழுதிய கடிதங்கள் பாரிஸிலுள்ள லெ கார்பூசியே காப்பகத்தில் உள்ளன. தமக்கு வந்தவற்றை மினெட்டும் வாழ்நாளெல்லாம் பேணினார். தொழிலில் தன்னந்தனியாக நின்ற பெண்ணுக்கு, தம்மைக் கட்டடக் கலைஞராகவே கருதி எழுதும் ஒருவர் தொலைவில் இருந்தது பெரும் துணை. அன்பு படைப்புக்குத் தரும் துணைகளுள் அதுவும் ஒன்று.

ஆயினும் அதைப் படைப்புக் கூட்டாண்மை என்று அழைப்பதற்குமுன், லெ கார்பூசியேவின் சூழலில் பெண்களின் பங்கு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1927இல் வேலை கேட்டு வந்த ஷார்லோட் பெரியானிடம், இங்கே மெத்தைகளுக்குப் பூவேலை செய்வதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். பின்னர் பெரியானின் படைப்பை நேரில் கண்டு அவரை அழைத்துக்கொண்டார். அவர்கள் சேர்ந்து உருவாக்கிய எஃகுக் குழாய் நாற்காலிகள் நெடுங்காலம் லெ கார்பூசியேவின் பெயரால் மட்டுமே அறியப்பட்டன. ஐலீன் கிரே பிரான்ஸின் தென்கடற்கரையில் வடிவமைத்த வீட்டின் வெண்சுவர்களில், அவருடைய இசைவின்றி லெ கார்பூசியே ஓவியங்கள் தீட்டினார். அந்த வீட்டின் ஆசிரியர் அவரே என்று பலர் பல்லாண்டுகள் நம்பினர். 1965 ஆகஸ்ட் 27 அன்று அவர் நீந்தச் சென்று உயிரிழந்ததும் அந்த வீட்டுக்கு அருகிலுள்ள கடலில்தான். பெரிய பெயருக்கு அருகில் நின்ற பெண்ணின் உழைப்பு அப்பெயருக்குள் கரைந்துபோவது தற்செயல் அன்று.

மினெட்டின் நிலை இன்னும் வேறானது. அவர் லெ கார்பூசியேவுடன் எந்தக் கட்டடத்தையும் சேர்ந்து வடிவமைக்கவில்லை. கண்டியில் தமக்கென ஓர் அலுவலகம் அமைத்துக்கொண்டார். முதல் பணியாகப் பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியருக்குச் சரிவான மலையிடத்தில் ஒரு வீடு கட்டினார். 1949இல் தொடங்கி 1951இல் முடிந்த அந்த வீட்டில் கான்கிரீட்டும் கண்ணாடியும் இருந்தன. அவற்றோடு தும்பறைப் பள்ளத்தாக்கின் பாய் நெசவும், உள்ளூர்க் குயவர்களின் சுடுமண் ஓடுகளும், ஜார்ஜ் கீட் தீட்டிய சுவரோவியமும் இருந்தன. சரிவை வெட்டிச் சமன்செய்யாமல், நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப வீட்டின் தளங்களை அமைத்தார். நெசவாளரையும் குயவரையும் அலங்காரப் பொருள் வழங்குவோராக அவர் கருதவில்லை. கட்டடத்தின் உறுப்புகளைச் செய்வோராகக் கருதினார். கதவின் பலகை இருக்க வேண்டிய இடத்தில் பாய் நெசவு வந்தது அப்படித்தான். மினெட்டின் படைப்புக் கூட்டாளிகள் யார் என்று கேட்டால், இவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டைப் பற்றி அவர் 1953இல் 'மார்க்' இதழில் எழுதினார். தம் முறைக்கு அவர் சூட்டிய பெயர், 'நவீன வட்டாரக் கட்டடக்கலை'. இச்சேர்க்கையை உற்றுநோக்க வேண்டும். அன்றைய மேற்கத்திய வழக்கில் 'நவீனம்' உலகப் பொதுவானது, 'வட்டாரம்' பின்தங்கியது. எதிரெதிராக நிறுத்தப்பட்ட இரு சொற்களை ஒரே தொடரில் அடுத்தடுத்து அமர்த்துவதே ஒரு வாதம். 1980களில் அலெக்சாண்டர் சோனிஸ், லியான் லெஃபேவ்ர், கென்னத் ஃபிராம்ப்டன் ஆகியோர் 'விமர்சன வட்டாரவாதம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தபோது கட்டடக்கலை உலகம் அதைப் புதிய சிந்தனையாக வரவேற்றது. கண்டியில் ஒரு பெண் அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டியும் எழுதியும் இருந்தார்.

கொழும்பில் 1950களில் அவர் கட்டிய பீரிஸ் இல்லம், தூண்களின் மேல் உயர்த்தப்பட்டுத் தரைத்தளம் தோட்டத்துக்குத் திறந்திருக்கும் அமைப்புடையது. தூண்களைப் பார்ப்பவர் லெ கார்பூசியேவை நினைப்பார். நடுவிலுள்ள முற்றத்தைப் பார்ப்பவர் சிங்களர் 'மிதுல' என்றும் தமிழர் முற்றம் என்றும் அழைக்கும் பழைய வீட்டமைப்பை நினைப்பார். தாக்கம் என்பது கொடுக்கல் வாங்கல். வாங்கியதை எதனோடு சேர்த்தார் என்பதில்தான் ஒருவரின் படைப்பு தெரிகிறது.

பெங்களூரில் பெற்ற பயிற்சியின் தடம் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கண்டிக்கு அருகிலுள்ள வட்டபுளுவ. அரசு ஊழியர்களுக்காக இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பை அவர் அங்கே வடிவமைத்தார். 1958இல் அது உருப்பெற்றது. வரைபடத்தைத் தாமே தீட்டி அளிக்காமல், குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கேட்டார். எவ்வளவு செலவிட இயலும், எத்தனை பேர் வாழ்வார்கள், எப்படி வாழ விரும்புகிறார்கள் என்று அறிந்து, அதற்கேற்பப் பல வகை வீடுகளை வகுத்தார். குடிமக்களின் பங்கேற்புடன் வடிவமைத்தல் என்று இன்று பாடமாகக் கற்பிக்கப்படுவது இதுதான். பல இனத்தவரும் மதத்தவரும் அக்கம்பக்கமாக வாழும் குடியிருப்பாக அது அமைந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. 1958இல் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. அந்த ஆண்டுகளில் அண்டை வீடு என்ற எண்ணத்தை நிலத்தில் வரைந்து காட்டியதன் பொருளைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆசானும் மாணவியும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. விடுதலைக்குப் பின் இந்திய அரசின் வீட்டுவசதித் துறை இயக்குநரான கோனிக்ஸ்பெர்கர், பிரிவினையால் அகதிகளாக வந்தோருக்கு ஆலையில் செய்த வீடுகளை வழங்க முனைந்தார். டில்லியில் அதற்கென நிறுவப்பட்ட அரசு ஆலையின் முயற்சி தோல்வியடைந்தது. 1951இல் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். ஜாம்ஷெட்பூர்த் திட்டத்தில் அதே வகை வீடுகளுக்காக உழைத்த மினெட், தம் நாட்டில் ஆலையை நாடவில்லை. கைவினைஞரையும் குடியிருப்போரையும் நாடினார். 'பலருக்கு வீடு' என்ற கேள்வியைப் பெங்களூரிலிருந்து எடுத்துச் சென்று, விடையைக் கண்டியில் தேடிக்கொண்டார்.

பிற்காலம் கனிவாக இருக்கவில்லை. 1960களுக்குப் பிறகு பணிகள் குறைந்தன. முற்றமும் உள்ளூர்ப் பொருளும் கொண்ட இலங்கை நவீனம் உலகப் புகழ் பெற்றபோது, அப்புகழ் பெரும்பாலும் ஜெஃப்ரி பாவாவைச் சென்றடைந்தது. மினெட் 1970களின் பிற்பகுதியில் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை வரலாற்றைக் கற்பித்தார். 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1998 நவம்பர் 24 அன்று, எண்பதாம் வயதில், வறுமையில், கண்டி மருத்துவமனையில் இறந்தார். அவர் தொகுத்துக்கொண்டிருந்த தன்வரலாறு அவர் மறைவுக்குப் பின் அச்சில் வந்தது. ஓர் ஆசியப் பெண் கட்டடக் கலைஞரின் வாழ்வும் பணியும் என்பது அதன் தலைப்பு. தாம் எவ்வாறு அறியப்பட வேண்டும் என்பதை அவரே அந்தத் தலைப்பில் எழுதிவைத்திருக்கிறார்; 'பெண்', 'ஆசியர்', 'கட்டடக் கலைஞர்' என்ற மூன்றும் அதில் உண்டு.

இரண்டு வகைப் பேணலை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரியவரின் தாள்கள் என்பதால் கடிதங்கள் பாரிஸில் தட்பவெப்பம் காக்கும் அறைகளில் இருக்கின்றன. மினெட்டின் வீடுகளுள் பல இடிக்கப்பட்டும் உருமாற்றப்பட்டும் சிதைந்தும் போயின. காதலுக்குச் சான்று எஞ்சியது; படைப்புக்குச் சான்று குறைந்தது. அடுத்து எழுதுவோர் எஞ்சியதைக் கொண்டே எழுதுகிறார்கள். 'காதலி' என்ற அடைமொழி வலுப்பெற்றதற்கு ஒரு காரணம் இந்தக் காப்பக ஏற்றத்தாழ்வு.

அதைச் சரிசெய்ய அந்தக் காதலை மறைக்க வேண்டியதில்லை. கதையைச் சில ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கினால் போதும்: கல்லூரியால் வெளியேற்றப்பட்ட இலங்கைப் பெண்ணும், நாட்டை இழந்து வந்த ஜெர்மானியரும், தொழிலாளர் வீடுகளின் வரைபடங்களை ஒரே மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெங்களூர் அலுவலகத்திலிருந்து.